காக்டெயிலுக்கு கூண்டு வாங்கறீங்களா, உயரம் பாக்காதீங்க நீளம் பாருங்க

மும்பைல காக்டெயில்ங்கற கொண்டை வச்ச சின்னக் கிளிய வளக்கறவங்க வீடு நாலு பாத்தீங்கன்னா பாதிக்கு மேல ஒரே மாதிரி கூண்டுதான் இருக்கும், ஒல்லியா உசரமா, மேல கோபுரமா கூம்பி, ஹால் மூலைல ஒன்னேகால் அடி இடத்துல நிக்கும். ஏன்னு கேக்கவே வேணாம், செம்பூர்ல நாங்க இருக்கற ஒன் பிஹெச்கேல சோஃபா போட்டா டைனிங் டேபிளுக்கு இடம் இல்ல, டேபிள் போட்டா நடக்க இடம் இல்ல, அப்படி இருக்கறப்ப தரைல இடம் அடைக்காத கூண்டுதான் கண்ணுக்கு தெரியும், கடைல முன்னாடி தொங்கறதும் அதுதான். ஆனா அந்தப் பறவைக்கு அது சுத்தமா ஒத்து வராது, இத நான் அடிச்சு சொல்வேன்.

எங்க வீட்டு துரை அப்படி ஒரு கூண்டோடதான் வந்தான். அக்கா ஆஃபீஸ்ல ஒருத்தங்க குடும்பத்தோட துபாய்க்கு ஷிஃப்ட் ஆனாங்க, பறவைய கூட்டிட்டுப் போக முடியல, அழுதுகிட்டே குடுத்துட்டுப் போனாங்க. சாம்பல் கலர் உடம்பு, மஞ்ச மூஞ்சி, ரெண்டு கன்னத்துலயும் ஆரஞ்சுப் பொட்டு. கூண்டு வட்டமா, தங்கக் கலர்ல, பாக்க ரொம்ப அழகு. ஆனா உக்காந்து கவனிச்சா புரிஞ்சது, மூணு அடி உயரக் கூண்டுல அவன் இருக்கறது மேல இருக்கற அந்த ஒரு குச்சில மட்டும்தான், கீழ ரெண்டு பங்கு இடம் சும்மாவே கிடக்கு. திரும்பறப்பெல்லாம் வால் கம்பில உரசி நுனி பூரா பிரிஞ்சு போயிருந்தது, கொண்டை மேல் கம்பில இடிக்குது. கதவத் தொறந்து விட்டா மேல பறக்கறானான்னு பாத்தா இல்ல, நேரா தரைக்கு இறங்கி நெஞ்ச நிமித்திகிட்டு ஹால் பூரா நடக்கறான். அந்த நடையப் பாத்துதான் பாட்டி துரைன்னு பேர் வச்சாங்க.

அது அவனோட இயல்பு. காக்டெயில் ஆஸ்திரேலியாவோட வறண்ட உள்நாட்டுப் பறவை, காக்கட்டூ குடும்பத்துலயே சின்னது. அங்க கூட்டமா தரைல இறங்கி நடந்து நடந்து புல் விதையத்தான் பொறுக்கும், தண்ணி தேடி ரொம்ப தூரம் பறக்கும், ஆனா தரைக்கு இணையா பறக்கும், செங்குத்தா மேல ஏறி இறங்கறது அதுக்குப் பழக்கமில்ல. அப்ப மூணு அடி உயரமும் ஒரு அடி அகலமும் குடுத்தா அதுக்கு நிஜமா கிடைக்கறது அந்த ஒரு அடிதான். அதே கூண்ட படுக்க வச்சதா நினைச்சுப் பாருங்க, அங்க தாவலாம், ரெண்டு தடவ இறக்கை அடிக்கலாம், கீழ நடக்கலாம்.

சைஸ் பத்தி சொல்லிடறேன். ஒரு பறவைக்கு குறைஞ்சது ரெண்டு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ரெண்டு அடி உயரம். இது குறைஞ்சபட்சம், அதுவும் தினம் சில மணி நேரம் வெளிய விடறவங்களுக்கு. காலைல ஒம்போது மணிக்கு ட்ரெயின் புடிச்சா ராத்திரி எட்டுக்கு வீடு திரும்பற ஊரு இது, நாள் பூரா உள்ளயே இருக்கப் போற பறவைக்கு மூணு அடி நீளமாவது குடுங்க, ரெண்டு பறவைன்னா கண்டிப்பா குடுங்க. மூக்குலேர்ந்து வால் நுனி வரைக்கும் முப்பது முப்பத்திரண்டு சென்டிமீட்டர் இருக்கும், அதுல பாதி வாலுதான், ரெண்டு இறக்கையும் விரிச்சா ஒரு அடிய தாண்டும். எந்தப் பக்கமும் படாம இறக்கைய முழுசா விரிக்க முடியுதா, வால் இடிக்காம சுத்தித் திரும்ப முடியுதா, இந்த ரெண்டும்தான் கேள்வி.

கிராஃபோர்ட் மார்க்கெட்டுக்கு இஞ்ச் டேப் எடுத்துட்டுப் போனேன். பின்பக்கம் பெட் கடைங்க வரிசையா இருக்கும், கூண்டு வேணும்னதும் உசரமானதத்தான் இறக்கினாங்க, நீளமா காட்டுங்கன்னா கடைப் பையன் "மேடம், யே ஜகா பஹுத் லேகா"ன்னு திரும்பத் திரும்ப சொல்றான், இடம் அடைக்கும்னு அவனுக்குக் கவலை, தப்பில்ல, இந்த ஊர்ல வீடு எப்படின்னு அவனுக்குத் தெரியும். பொறுமையா நின்னு கேட்டதுல உள்ளேர்ந்து மூணு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ரெண்டு அடி உயரம்னு மடக்கிற மாதிரி பவுடர் கோட்டிங் போட்ட ஒன்ன எடுத்து வந்தான். வாங்கறதுக்கு முன்னாடி கம்பி இடைவெளி அளந்தேன். காக்டெயிலுக்கு அது 12லேர்ந்து 15 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கலாம், அரை இஞ்ச் சுமாருக்கு. இடம் தாராளமா இருக்குன்னு பெரிய கிளிகளுக்கான கூண்ட வாங்கினா அதுல ஒரு இஞ்ச் இடைவெளி இருக்கும், தலைய விட்டா வெளிய எடுக்கத் தெரியாது, பதறி கழுத்தத் திருகும், உயிரே போயிடலாம். ரெண்டு பக்கமாவது கம்பி படுக்கை வாட்டுல இருந்தா நல்லது, அலகால கவ்விக் கவ்வி ஏறுவாங்க, செங்குத்துக் கம்பின்னா வழுக்கும். வட்டக் கூண்டு வேணாம்னு சொல்றதுக்கும் இங்கயே காரணம் இருக்கு, மேல கம்பியெல்லாம் ஒன்னா கூடற இடத்துல இடைவெளி குறுகிக்கிட்டே போகும், விரல் சிக்கும். அதோட மூலைன்னு ஒன்னு இல்லாததால பயந்தா ஒதுங்க இடமே இருக்காது.

கதவையும் பாத்து வாங்குங்க. மேல தூக்கற ஷட்டர் கதவு பல கூண்டுல வருது, புத்திசாலிப் பறவை அத அலகால தூக்கக் கத்துக்கும், பாதி வெளிய வர்றப்ப கழுத்து மேல விழும். எங்களுதுல பெரிய கதவு பக்கவாட்டுல திறக்கும், கைய விட்டு சுத்தம் பண்ணவும் வசதி. சாப்பாட்டுக் கிண்ணம் வைக்கற சின்ன ஷட்டருங்களுக்கு மட்டும் ஸ்டீல் கிளிப் மாட்டியிருக்கோம்.

இப்ப இடம். மூணு அடி கூண்ட எங்க வைக்கறதுன்னு வீட்ல பெரிய பேச்சு ஓடுச்சு, வாஷிங் மெஷின் மேல வைக்கலாம்னு அம்மா, அது ஓடறப்ப அதிர்ற அதிர்வுக்கு பறவை உக்காரவே உக்காராது. கடைசில தாராவில ஃபேப்ரிகேஷன் கடை வச்சிருக்கற நம்ம திருநெல்வேலி அண்ணன் ஒருத்தர்கிட்ட ஸ்கொயர் பைப்ல ஸ்டாண்டு அடிக்கக் குடுத்தோம். கூண்டு உக்கார அளவுக்கு ஃபிரேம், கீழ காலியா விட்டு ரெண்டு பெரிய சூட்கேஸ் நுழையற மாதிரி. சூட்கேஸுங்க ஏற்கனவே அந்த சுவரோரமாதான் கிடந்தது, அதனால தரைல புதுசா ஒரு சாண் இடம் கூட போகல. சின்ன வீட்டுக்காரங்க இத யோசிங்க, ஷூ ரேக் மேல, புக் ஷெல்ஃப் மேல, எதுக்கு மேலயாவது நீளமா ஒரு இடம் இருக்கும்.

அந்த அண்ணன் அளவு எடுத்துகிட்டே, "ஏம்மா, கூண்டையும் நானே அடிச்சுக் குடுத்துடுதேன், ஜிஐ மெஷ்ஷு நெறைய கெடக்கு, கடைல குடுக்கறதுல பாதிதான் ஆவும்"னாரு.

"இல்லண்ணே, ஜிஐன்னா இரும்பு மேல ஜிங்க் பூசினதுதான, அந்த ஜிங்க் பறவைக்கு விஷம். இவன் நாள் பூரா கம்பியக் கடிச்சுக்கிட்டே இருப்பான்."

கொஞ்சம் யோசிச்சாரு. "சரிதாம்மா. ஜிஐய வெல்டிங் அடிச்சா வெள்ளையா ஒரு பொகை வரும்லா, அத மோந்தா அன்னிக்கு ராத்திரி எங்களுக்கே குளிருக் காச்சல் வந்துரும். இத்தினியூண்டு உசுரு எப்படித் தாங்கும்?"

அவர் சொன்னது அப்படியே உண்மை, வெல்டிங் பட்டறைல வேல செய்யறவங்களுக்கு ஜிங்க் புகையால வர்ற காச்சல் தெரிஞ்ச விஷயம். பறவைக்கு அது வாய் வழியா போகும். பளபளன்னு இருக்கற புது ஜிஐ வலைல பூச்சு பொடியா, சொட்டு சொட்டா ஒட்டிகிட்டு இருக்கும், அத நோண்டித் தின்னா சோர்ந்து உக்காரும், சாப்பிட்டத கக்கும், எச்சம் தண்ணியா போகும், கவனிக்காம விட்டா செத்துடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூண்டு கிடைச்சு காசும் இருந்தா அதுக்கு மேல எதுவுமே இல்ல, இல்லன்னா நல்ல பவுடர் கோட்டிங் போதும், நகத்தால கீறிப் பாருங்க, உரிஞ்சு வந்தா வாங்காதீங்க. ஏற்கனவே ஜிஐ கூண்டுதான் வீட்ல இருக்குன்னா வினிகர் ஊத்தி பிரஷ்ஷால கம்பி கம்பியா தேச்சு நல்லா கழுவி வெயில்ல காய வைங்க, ஆபத்து முழுசா போகாது, ஆனா குறையும்.

கூண்டு எந்த ரூம்லங்கறதுல ஒரே பதில்தான், ஆளுங்க இருக்கற ரூம். தனியா பெட்ரூம்ல வச்சா கத்திக்கிட்டே இருக்கும், கூட்டமா வாழற ஜீவன். ஒரு பக்கமாவது சுவத்துல ஒட்டியிருக்கணும், நாலு பக்கமும் திறந்திருந்தா எந்நேரமும் காவல் காத்துகிட்டே இருக்கும். குச்சி நம்ம நெஞ்சு உயரத்துக்கு வந்தா போதும். ஜன்னலுக்கு நேரா வைக்காதீங்க, வெயில் நகர்ந்து வர்றப்ப அதுக்கு ஒதுங்க வழியில்ல, கிரில்லுக்கு வெளிய தொங்க விடறது அதவிட மோசம், காக்காவும் பூனையும் விடாது. ஏசி காத்து நேரா படக்கூடாது. வெளிய விடறப்பெல்லாம் சீலிங் ஃபேன் நின்னிருக்கணும், ஸ்விட்ச் மேல டேப் ஒட்டி வச்சிருக்கோம், விருந்தாளி வந்தா பழக்க தோஷத்துல கை அங்கதான் போகும்.

கிச்சன் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இந்த ஊர் ஃப்ளாட்டுங்கள்ல ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவுல கதவே கிடையாது. நான்ஸ்டிக் பாத்திரம் அடுப்புல காலியா கிடந்து ஓவரா சூடானா அந்தப் பூச்சுலேர்ந்து ஒரு புகை வரும், நமக்கு வாசனை கூட தெரியாம இருக்கலாம், பறவை சில நிமிஷத்துல விழுந்துடும். அதோட நுரையீரல் அமைப்பே வேற, உடம்புக்குள்ள காத்துப் பைகள் இருக்கு, இழுக்கற ஒவ்வொரு மூச்சுலயும் உடம்பு அளவோட பாத்தா நம்மளவிட நிறைய உறிஞ்சும். நம்ம வீடுகள்ல தோசை நேரத்துல கல்லு காயறதுக்கு அடுப்புல விட்டுட்டு ஃபோன் பேசப் போவோம்ல, அந்த அஞ்சு நிமிஷம் போதும். துரை வந்த வாரமே நான்ஸ்டிக் தவா, கடாய் எல்லாத்தையும் வெளிய அனுப்பிட்டு பாட்டியோட இரும்பு தோசைக்கல்ல இறக்கிட்டோம், பாட்டிக்கு அதுல தனி சந்தோஷம். சில ஏர் ஃப்ரையர், சாண்ட்விச் மேக்கர்லயும் இதே கோட்டிங்தான், விசாரிச்சு வாங்குங்க. சாம்பிராணி வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் பெட்ரூம் கதவ மூடி துரைய அங்க வச்சுட்டு. கொசுவத்தியும் லிக்விட் மெஷினும் கூண்டு இருக்கற ரூம்ல வேணவே வேணாம், அஞ்சு மணிக்கு ஜன்னல மூடிட்டு கூண்டு மேல மெல்லிசு கொசுவலையப் போத்திடறோம், எங்களுக்கும் துரைக்கும் அது போதுமானதா இருக்கு.

உள்ள என்ன வைக்கறதுங்கறதுல கடைல கூடவே தர்ற பிளாஸ்டிக் குச்சியத்தான் முதல்ல எடுத்துப் போடணும். எல்லாம் ஒரே தடிமன், வழவழன்னு இருக்கும், இருபத்தி நாலு மணி நேரமும் நின்னுகிட்டே இருக்கற ஜீவனுக்கு பாதத்துல ஒரே இடத்துலயே அழுத்தம் விழுந்து புண்ணாகும். கொய்யா, வேம்பு கிளை நல்லது, ஒரு இடத்துல விரல் தடிமன், இன்னொரு இடத்துல கொஞ்சம் கூட, வளைஞ்சு முடிச்சு முடிச்சா இருந்தா இன்னும் நல்லது, பட்டைய உரிக்கறதே அவங்களுக்கு ஒரு வேலை. மழைக்கு முன்னாடி ஏப்ரல் மே மாசத்துல சொசைட்டி காம்பவுண்ட்ல கிளை வெட்டி விடுவாங்கல்ல, அப்ப கேட்டு வாங்கிக்கலாம், ஆனா மருந்து அடிக்காததா, என்ன மரம்னு தெரிஞ்சதா இருக்கணும், ஏன்னா அதே காம்பவுண்ட்ல வேலியோரமா அரளியும் இருக்கும், அது கடும் விஷம். வெந்நீர்ல தேச்சுக் கழுவி நல்லா காய வச்சு மாட்டுங்க. நகம் தேயும்னு சொல்லி உப்புத்தாள் சுத்தின குச்சி விப்பாங்க, நகம் தேயாது, பாதம்தான் தேயும்.

மாட்டற விதத்துலயும் விஷயம் இருக்கு. கடையில வாங்கின பொம்மை எல்லாத்தையும் நடுவுல தொங்க விட்டா மூணு அடி கூண்டு வாங்கினதுக்கே அர்த்தம் இல்லாம போயிடும். எங்க கூண்டுல இடது கோடில மேல ஒரு குச்சி, அது தூங்கற இடம், வலது கோடில கொஞ்சம் கீழ இன்னொன்னு, நடுவுல ஒன்னுமே இல்ல, அந்த இடம் தாவறதுக்கு. குச்சிய சுவத்துப் பக்கக் கம்பிலேர்ந்து ஒரு சாண் தள்ளி போட்டா வால் உரசாது, துரையோட அடுத்த இறகு உதிர்வுக்கு அப்புறம் வந்த வால் நேரா, முழுசா, கத்தி மாதிரி வந்துச்சு, அதப் பாத்த சந்தோஷம் சொல்லி மாளாது. தண்ணிக் கிண்ணத்துக்கு மேல குச்சி வராம பாத்துக்கோங்க, எச்சம் நேரா அதுலதான் விழும். அடித் தட்டுல நியூஸ்பேப்பர், தினம் மாத்தணும், தட்டுக்கு மேல வர்ற கம்பி வலைய எடுத்துட்டு பேப்பர் மேலயே நடக்க விடுங்க, தினைய கொஞ்சம் அங்க தூவி விட்டா ஒரு மணி நேரம் பொறுக்கிகிட்டே திரிவான். ஆனா அப்படி நடக்க விட்டா பேப்பர காலைலயும் சாயந்திரமும் மாத்தணும். கணவாய் ஓடு ஒன்னு கம்பில கட்டி விடுங்க, நாட்டு மருந்துக் கடைல கடல் நுரைன்னு கேட்டா எடுத்துத் தருவாங்க, கால்சியத்துக்கு.

ஒன்னு கண்டிப்பா வைக்கக்கூடாது, மண் பானையோ மரப்பெட்டியோ. கூண்டு வாங்கினா கடைல கூடவே தள்ளி விடுவாங்க, பாவம் படுக்க இடம் வேணாமான்னு. காக்டெயில் குச்சி மேலதான் தூங்கும், பெட்டின்னா அதுக்கு முட்டை வைக்கற இடம். தனியா இருக்கற பெண் பறவை கூட பெட்டியப் பாத்தா ஜோடி இல்லாமலே முட்டை மேல முட்டையா போடும், கால்சியம் வத்தி, முட்டை உள்ளயே சிக்கி உயிருக்கே ஆபத்தாகும். துணி டென்ட்டு மாதிரி விக்கறதும் வேணாம், நூல் பிரிஞ்சு கால்ல சுத்தும், இல்ல வயித்துக்குள்ள போகும்.

ராத்திரி விஷயம் புதுசா வளக்கறவங்களுக்கு தெரியாது. காக்டெயிலுக்கு இருட்டுல திடீர்னு பயம் வரும், பல்லி ஓடினா போதும், வெளிய பட்டாசு வெடிச்சா போதும், எங்க இருக்கோம்னே தெரியாம கூண்டு பூரா மோதும். பிள்ளையார் சிலையக் கரைக்கற விசர்ஜன் அன்னிக்கு ராத்திரி எங்க தெருவுல டோல் தாஷா மேளமும் பட்டாசும் ஒன்னா கிளம்புச்சு, துரை மோதின சத்தத்துல நானும் அம்மாவும் எழுந்து ஓடினோம், லைட்டப் போட்டா இறக்கைல புதுசா முளைச்சுகிட்டு இருந்த இறகு ஒன்னு ஒடிஞ்சு ரத்தம். வளர்ற இறகுத் தண்டுக்குள்ள ரத்தம் ஓடும், அதனால ஒடிஞ்சா சட்டுனு நிக்காது. அம்மா அவன டவல்ல சுத்திப் பிடிச்சுக்க நான் கார்ன்ஃப்ளார் வச்சு அழுத்திப் பிடிச்சேன், நின்னுடுச்சு, காலைல டாக்டர்கிட்ட காட்டினோம். அதுலேர்ந்து கூண்டு பக்கத்துல ஜீரோ வாட் பல்பு ராத்திரி பூரா எரியுது, துணிய மூணு பக்கம் மட்டும் போத்தறோம், ஒரு பக்கம் திறந்திருந்தா என்ன நடக்குதுன்னு அவனுக்குத் தெரியும். ஊஞ்சல ராத்திரி கழட்டிடறோம். பத்துலேர்ந்து பன்னெண்டு மணி நேரம் தூக்கம் வேணும், சீரியல் ஓடற ஹால்ல இது கஷ்டம்தான், எட்டரைக்கு மேல டிவி சவுண்டு குறைக்கறதுக்கு பாட்டியே ஒத்துகிட்டாங்க.

புதுக் கூண்டுக்கு மாத்தறப்ப பிடிச்சு உள்ள தள்ளாதீங்க. புது சாமான்னாலே பயப்படற பறவை இது. பழைய கூண்டும் புதுசும் பக்கத்துல பக்கத்துல, ரெண்டு கதவும் திறந்து, அவனுக்குத் தெரிஞ்ச கிண்ணமும் குச்சியும் புதுசுக்குள்ள, ஒரு தினைக் கதிர் உள் கோடில. எட்டிப் பாப்பான், ஓடுவான், திரும்ப வருவான். துரை ரெண்டு மூணு நாள் எடுத்துகிட்டான், ஒரு மத்தியானம் தானா உள்ள போயி கீழ பேப்பர் மேல இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்கு நடந்துகிட்டே விசில் அடிக்க ஆரம்பிச்சான்.

மழைக்காலம் வேற கதை. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் இந்த ஊர்ல எதுவுமே காயாது, மரக்குச்சில பூஞ்சை வரும், அதனால ரெண்டு செட் வச்சுகிட்டு மாத்தி மாத்தி போடறோம், கழட்டினத வெந்நீர்ல கழுவி ஃபேனுக்கு அடில முழுசா காஞ்ச பிறகுதான் திரும்ப மாட்டறது. தினை சின்ன பாக்கெட்டா வாங்கி இறுக்கமான டப்பால வைங்க, மக்கின வாசனை வந்தா யோசிக்காம கொட்டிடுங்க. கடல் காத்துல கூண்டும் துருப்பிடிக்கும், பவுடர் கோட்டிங் முதல்ல போறது அவன் கடிக்கற இடத்துலயும் கதவு கீல்லயும்தான், டார்ச் அடிச்சுப் பாருங்க, உரிய ஆரம்பிச்சா அந்தப் பகுதிய மாத்தணும், மேல பெயிண்ட் அடிச்சு ஒப்பேத்தக் கூடாது. கழுவறதுக்கு வெந்நீரும் வினிகரும் போதும், ஃபினாயில் வேணாம், அந்த நெடியே அவங்களுக்கு ஆகாது.

கடைசியா ஒரு சின்ன கேரியர் கூண்டும் வாங்கி வச்சுக்கோங்க. சொசைட்டில பெஸ்ட் கண்ட்ரோல்னு நோட்டீஸ் ஒட்டினா துரை முலுண்ட்ல அக்கா வீட்டுக்குப் போயிடுவான், மருந்து வாடை முழுசா போற வரைக்கும் அங்கதான். உடம்புக்கு முடியலன்னா பரேல்ல இருக்கற பாய் சாகர்பாய் விலங்கு ஆஸ்பத்திரிக்கோ பறவை பாக்கற வேற டாக்டர்கிட்டயோ தூக்கிட்டு ஓட அதுதான் வேணும், போறப்ப அன்னிக்கு காலைல விழுந்த எச்சத்தோட அந்தப் பேப்பரையும் மடிச்சு எடுத்துட்டுப் போங்க, டாக்டர் முதல்ல அதத்தான் கேப்பாங்க. கேரியர பரண்ல ஏத்தி வைக்காம கதவு திறந்து ஹால்லயே விடுங்க, உள்ள அப்பப்ப ரெண்டு தினைக் கதிர் போட்டு வச்சா அவசரத்துக்கு துரத்திப் பிடிக்க வேண்டியிருக்காது, தானா ஏறி உக்காருவாங்க.